இணையதளம் செய்ய ஆள் தேடுகிறீர்களா? ஒரு கரூர்க்காரனின் முழு வழிகாட்டி

ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் என்ற வீட்டு உபயோகத் துணிக் கண்காட்சிக்குக் கரூரிலிருந்து போகிறவர்களுக்கு இது தெரிந்ததுதான். பகலில் ஸ்டாலுக்கு வந்து துணியைத் தொட்டுப் பார்த்து, கார்டு வாங்கிக்கொண்டு போகும் பையர் (மொத்தமாகச் சரக்கு வாங்குபவர்), ராத்திரி ஓட்டல் அறையில் அந்தக் கார்டில் இருக்கும் இணையதளத்தைத் திறந்து பார்ப்பார். சில வருடங்களுக்கு முன் என் கார்டை வாங்கிப்போன ஒருவர், மறுநாள் காலையில் திரும்பி வந்து தன் போனை நீட்டினார். என் கம்பெனி முகவரியில் ஒரு வெள்ளைப் பக்கம். டொமைன், அதாவது இணைய முகவரிப் பெயர், காலாவதி என்று ஒரே ஒரு வரி. அவர் அனுப்பிய மெயிலும் திரும்பிப் போயிருந்தது. மெயிலும் அதே டொமைனில்தானே ஓடுகிறது.

ஏன் சரியாக ஜனவரியில்? முதல்முறை கண்காட்சிக்குப் போகும் அவசரத்தில்தான் அந்தத் தளத்தைச் செய்தோம். டொமைன் வாங்கியது ஒரு ஜனவரியில், ஆகவே அது முடிவதும் ஒவ்வொரு ஜனவரியிலும்தான். செய்து கொடுத்த தம்பி அதைத் தன் பெயரில், தன் மெயில் ஐடியில் வாங்கியிருந்தார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவருக்கே போயின. அவரோ இந்தத் தொழிலை விட்டு வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வேண்டுமென்று செய்தாரா என்றால், இல்லை. ஒரு மூட்டை நூல் வாங்கவே கவுண்ட், கோன் எடை, டெலிவரி தேதி எல்லாம் எழுதி வாங்குகிற நான், இந்த வேலையை ஒரு போன் பேச்சில் முடித்திருந்தேன்.

அதற்குப் பிறகு இன்னொரு தளம் செய்தேன், ஒழுங்காக. அப்புறம் அக்கம்பக்கத்துக் கம்பெனிக்காரர்கள், ஒரு பள்ளி, ஒரு கோயில் அறக்கட்டளை என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆள் தேர்ந்தெடுக்க உதவியிருக்கிறேன். எல்லாரிடமும் நான் சொல்வது ஒன்றுதான். பையர் நம்மிடம் எப்படிச் சரக்கு வாங்குகிறாரோ, அப்படியே நாம் இணையதளத்தை வாங்க வேண்டும். டெக் பேக் (என்ன வேண்டும் என்ற விவரத் தாள்), சாம்பிள், பிஓ (ஆர்டர் கடிதம்), இன்ஸ்பெக்‌ஷன், அப்புறம்தான் கடைசிப் பணம். இந்த வரிசை நமக்கு மனப்பாடம். நாம் வாங்கும் இடத்தில் நிற்கும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

எங்கள் ஊரில் டிசைனர் என்றால் கிச்சன் டவலுக்குக் கட்டம் போடுகிறவர். வெப் டிசைனரையும் அதே கண்ணோடு, ‘கலர் நல்லா இருக்கே’ என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். பாதித் தப்பு அங்கேயே நடந்துவிடுகிறது.

முதல் படி: யாரையும் கூப்பிடுவதற்கு முன் ஒரு தாள் எழுதுங்கள்

ஒரு ஏ4 தாள் போதும். இந்தத் தளத்தை யார் திறப்பார்கள், எந்த நேரத்தில், எதைத் தெரிந்துகொள்ள? இதை எழுதாமல் ‘அஞ்சு பேஜ் வெப்சைட் எவ்வளவு?’ என்று கேட்டால் பதிலும் அதே அளவில்தான் வரும்.

ஏற்றுமதிக் கம்பெனிக்கு இணையதளம் கடையே இல்லை. பையர் அங்கே எதையும் வாங்கப் போவதில்லை. நாம் நிஜமாகவே இருக்கிறோமா என்று சரிபார்க்கத்தான் வருகிறார். தறி எத்தனை, தையல் நம் யூனிட்டிலேயே நடக்கிறதா, ஓகோ-டெக்ஸ் (துணியில் தீங்கான ரசாயனம் இல்லை என்ற) சான்றிதழ், கோட்ஸ் (இயற்கை வேளாண் நார்த் துணிக்கான) சான்றிதழ் இருக்கிறதா, அவை நடப்பில் உள்ளனவா என்று பார்ப்பார். காலாவதியான சான்றிதழைத் தளத்தில் வைத்திருப்பதற்கு வைக்காமலே இருக்கலாம். ஆகவே என் தாளில் முதல் வரி ‘சான்றிதழ் பக்கத்தை நானே மாற்ற முடிய வேண்டும்’ என்பதுதான்.

ஜவஹர் பஜாரில் சில்லறைக் கடை வைத்திருப்பவரின் தாள் வேறு. சிபிஎஸ்இ பள்ளியின் தாள் இன்னும் வேறு. அங்கீகாரம், கட்டணம், ஆசிரியர் விவரம் போன்றவற்றைப் பொதுவில் வெளியிடும் கட்டாயப் பக்கம் ஒன்று அவர்களுக்கு உண்டு. அறக்கட்டளை என்றால் நன்கொடை கொடுப்பவர் 80ஜி (வருமான வரிச் சலுகை) விவரத்தைத் தேடுவார்.

தாள் எழுதும்போது சிலருக்கு ஒரு உண்மை தெரியவரும்: அவர்களுக்கு இணையதளமே வேண்டாம். ஒரு மெஸ்ஸுக்கோ தையல் கடைக்கோ கூகுள் பிசினஸ் புரொஃபைலும் வாட்ஸ்அப் கேட்டலாக்கும் போதும். அதில் ஒரே எச்சரிக்கை. பிசினஸ் புரொஃபைலோடு கூகுள் இலவசமாகக் கொடுத்துவந்த சிறு இணையதளங்களை 2024 மார்ச்சில் மூடிவிட்டது. இலவச இடத்தில் வீடு கட்டினால், இடத்துக்காரர் காலி செய்யச் சொல்லும்போது போய்த்தான் ஆக வேண்டும்.

இரண்டாம் படி: டொமைனை நீங்களே வாங்குங்கள்

டிசைனரைத் தேடுவதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். பத்து நிமிட வேலை. .இன் ஆனாலும் .காம் ஆனாலும் சாதாரணப் பெயருக்கு வருடத்துக்குச் சில நூறிலிருந்து ஓராயிரத்துச் சொச்சம் ரூபாய்தான். முதல் வருடம் 99 ரூபாய் என்று கவர்ச்சியாகக் காட்டுவார்கள். புதுப்பிக்கும் விலை எவ்வளவு என்று பாருங்கள், அதுதான் உண்மை விலை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இவை. பதிவுதாரர் என்ற இடத்தில் கம்பெனிப் பெயரோ உங்கள் பெயரோ இருக்க வேண்டும். தொடர்பு மெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் முடிந்தால் அந்த மெயிலும் சேர்ந்து செத்துவிடும், எச்சரிக்கை எங்கே வரும்? தனியாக ஒரு ஜிமெயில் வையுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அட்டை காலாவதியானால் அதுவும் நடக்காது. ஒரேயடியாகப் பத்து வருடம் வரை பணம் கட்டலாம். நான் ஐந்து வருடத்துக்குக் கட்டினேன்.

ஏற்கெனவே டிசைனர் பெயரில் இருக்கிறது என்றால், உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். இடமாற்றக் குறியீடு என்று ஒன்று இருக்கிறது, அதை அவர் தர வேண்டும். டொமைன் புதிதாகப் பதிவாகி 60 நாள் ஆகாவிட்டால் பொதுவாக வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது. அவர் கணக்கு வைத்திருக்கும் அதே நிறுவனத்தில் நீங்களும் ஒரு கணக்கு தொடங்கி உள்ளுக்குள்ளேயே மாற்றிக்கொள்வது சுலபம்.

.காம் காலாவதியான உடனே பறிபோய்விடாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை வழக்கமான விலைக்கே புதுப்பிக்க வழி இருக்கலாம். பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதில் அபராதம் போலக் கூடுதல் பணம். அதற்கும் பிறகு ஐந்து நாள் கழித்துப் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். நல்ல பெயர் என்றால் யாராவது சூதாட்டத் தளக்காரர் காத்திருந்து பிடித்துக்கொள்வார். என் டொமைன் முதல் கட்டத்தில் இருந்ததால், பழைய தம்பியின் நம்பரைத் தேடிப் பிடித்து மூன்றாம் நாள் மீட்டோம். கண்காட்சி அதற்குள் முடிந்துவிட்டது.

மூன்றாம் படி: ஆட்களைப் பார்ப்பது

தனியாள், நாலைந்து பேர் கொண்ட சிறு நிறுவனம், பெரிய ஏஜென்சி, அப்புறம் சொந்தக்காரப் பையன். இந்த நான்கில் கடைசியைத் தவிர எல்லாம் சரி. ‘நம்ம பையன்தானே, இன்ஜினியரிங் படிச்சிருக்கான்’ என்று ஆரம்பித்தால் பாக்கி வேலையைக் கேட்கவும் முடியாது, விலக்கவும் முடியாது. தீபாவளிக்கு வீட்டுக்கு வருவான்.

தனியாள் என்றால் மலிவு, பேச்சு நேரடியாக இருக்கும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் தளத்துக்கும் காய்ச்சல். சிறு நிறுவனம் கரூர் மாதிரி ஊர்த் தொழில்களுக்குப் பொருத்தமாக இருக்கும் என்பது என் அனுபவம். பெரிய ஏஜென்சியில் விற்க வருகிறவர் ஒருவர், வேலை செய்கிறவர் இன்னொருவர். ‘எங்கள் தளத்தைச் செய்யப்போவது யார், அவரிடம் பத்து நிமிடம் பேச முடியுமா?’ என்று கேட்டுப் பாருங்கள்.

அவர்கள் செய்த பழைய வேலையை எப்படிப் பார்ப்பது? படங்களாகக் காட்டுவதைப் பார்க்காதீர்கள். துணியை போட்டோவில் பார்த்து வாங்குவோமா? உயிரோடு இருக்கும் தளங்களின் முகவரியைக் கேளுங்கள். அதிலும் மூன்று வருடத்துக்கு முன் செய்தவை வேண்டும். புதிதாகச் செய்தது எல்லாம் பளபளப்பாகத்தான் இருக்கும். பலமுறை துவைத்த பிறகு சாயம் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்தத் தளங்களில் நான் பார்ப்பது இவை:

முதலில் ஆபீஸ் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில், விலை குறைந்த ஒரு ஆண்ட்ராய்டு போனில் திறப்பேன். அப்புறம் தளத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் பக்கத்தில் முகவரியைப் போடுவேன். இலவசம்தான். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்தால் நல்லது என்பது கூகுளின் அளவுகோல். எட்டு, பத்து விநாடி என்று வந்தால், அவர் 5 எம்பி போட்டோவை அப்படியே ஏற்றியிருக்கலாம் என்று அர்த்தம்.

அடுத்து, கூகுளில் அந்தக் கம்பெனிப் பெயரைத் தேடிப் பார்ப்பேன். முடிவுகளில் சம்பந்தமே இல்லாமல் ஜப்பானிய எழுத்தோ மருந்து விளம்பரமோ தெரிந்தால், தளத்துக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள். அதற்கு ஒரு பொதுவான காரணம், காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் (தளத்தின் ஆயத்த வடிவம்), பிளக்இன் (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்) ஆகியவற்றைத் திருட்டுப் பிரதியாகப் போடுவது. அந்தப் பிரதிகள் பலவற்றில் பின்கதவு வைத்துத்தான் இலவசமாகத் தருகிறார்கள்.

கடைசியாக, அந்தத் தளங்களின் உரிமையாளர்கள் இரண்டு பேருக்குப் போன் போடுங்கள். ‘நல்லா பண்ணினாரா?’ என்று கேட்டால் எல்லாரும் ‘நல்லா பண்ணினாருங்க’ என்றுதான் சொல்வார்கள். அப்படிக் கேட்காமல், ‘கடைசியா எப்ப ஒரு மாற்றம் கேட்டீங்க, எத்தனை நாள்ல முடிச்சாரு?’ என்று கேளுங்கள். ‘டொமைன் யார் பேர்ல இருக்குங்க?’ என்றும் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு நிறையப் பேர் கொஞ்சம் மௌனமாவார்கள். அந்த மௌனமே பதில்.

நான்காம் படி: முதல் சந்திப்பு

அவர் என்ன சொல்கிறார் என்பதை விட என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். எனக்கு இரண்டாவது தளம் செய்தவர் முதல் அரை மணி நேரம் இணையதளத்தைப் பற்றியே பேசவில்லை. ‘உங்க பையர்கள் பெரும்பாலும் எந்த நாடுங்கண்ணா? மெயில்ல திரும்பத் திரும்ப என்ன கேட்பாங்க?’ என்று கேட்டார். நான் கடைசியாக வந்த இருபது மெயில்களைக் காட்டினேன். பதினைந்தில் ‘குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு, சாம்பிள் எத்தனை நாள்?’ என்ற இரண்டே கேள்விகள்தான். அந்தப் பதில்கள் இன்று முகப்புப் பக்கத்திலேயே இருக்கின்றன.

‘கூகுளில் முதல் இடத்தில் கொண்டுவந்து காட்டுகிறேன், கேரண்டி’ என்று யாராவது சொன்னால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது.

முடியாது என்று சொல்லத் தெரிந்தவரா என்றும் பாருங்கள். இணையம் வழியாகப் பட்டாசு விற்பதற்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தது. அதற்குப் பிறகும் சிவகாசிக் கடைக்குக் கூடை, பணம் கட்டும் பொத்தான் எல்லாம் வைத்துத் தளம் செய்து கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் ‘கஸ்டமர் கேட்டாருங்க’ என்பார்கள். உங்களைச் சிக்கலில் மாட்டிவிடும் வேலையையும் சிரித்துக்கொண்டே செய்கிறவர் நமக்கு எதற்கு?

எதில் செய்வீர்கள் என்றும் கேளுங்கள். வேர்ட்பிரஸ் (தளம் நடத்த உதவும் இலவச மென்பொருள்) என்றால் நல்லது. உலகத் தளங்களில் ஐந்தில் இரண்டு அதில்தான் ஓடுகின்றன. இவர் போனாலும் அடுத்த ஆள் கிடைப்பார். நேரடி விற்பனைக் கடைக்கு ஷாப்பிஃபை (இணையக் கடை நடத்தும் சேவை) ஒத்துவரும், மாத வாடகை உண்டு. ‘நாங்களே சொந்தமாக உருவாக்கிய சிஸ்டம்’ என்று பெருமையாகச் சொன்னால்தான் நான் உஷாராவேன். அந்தப் பூட்டுக்குச் சாவி அவரிடம் மட்டும்தான் இருக்கும்.

ஐந்தாம் படி: கொட்டேஷன்

மூன்று பேரிடம் வாங்குங்கள், அதே ஏ4 தாளைக் கொடுத்து. என் கைக்கு வந்தவை 12,000 ரூபாயிலிருந்து 1,40,000 வரை இருந்தன. ஒரே தாளுக்கு! வித்தியாசம் எங்கே என்று பிரித்துப் பார்த்தால்தான் புரிந்தது. 12,000 சொன்னவர் எழுத்தும் படமும் நானே தர வேண்டும் என்று வைத்திருந்தார், ரெடிமேட் தீமில் பெயரை மட்டும் மாற்றுவார். 1,40,000 சொன்னவர் போட்டோகிராபரை இரண்டு நாள் யூனிட்டுக்கு அனுப்புவதையும், ஆங்கிலம் எழுதும் ஆளையும் சேர்த்திருந்தார். நான் நடுவில் ஒருவரை எடுத்து, போட்டோவுக்குத் தனியாகச் செலவு செய்தேன். தறி ஓடுகிற சத்தம் கேட்பது மாதிரி நாலு படம் இருந்தால் போதும். வெள்ளைக்கார அம்மா டவலைப் பிடித்துச் சிரிக்கிற விலைக்கு வாங்கிய படத்தை எந்தப் பையரும் நம்பமாட்டார்.

கொட்டேஷனில் வருடச் செலவைத் தனியாகப் பிரித்துக் கேளுங்கள்: ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் வாடகை), மெயில், தீம் லைசென்ஸ், பராமரிப்பு. எஸ்எஸ்எல் (தளத்தின் பாதுகாப்புப் பூட்டு) சான்றிதழுக்கு வருடம் மூவாயிரம் என்று போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதைப் பல வருடங்களாக இலவசமாகத் தருகிறது, பெரும்பாலான ஹோஸ்டிங்கில் ஒரு பொத்தானில் வந்துவிடும். அவரிடம் ஜிஎஸ்டி பதிவு இருந்தால் 18 சதவீதம் மேலே சேரும். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்துக்குக் கீழே என்றால் பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை, ஆகவே தனியாளிடம் எண் இல்லாததை மட்டும் வைத்துச் சந்தேகப்பட வேண்டாம்.

பணம் கொடுப்பதை மூன்றாகப் பிரியுங்கள். 30 சதவீதம் முன்பணம், சாம்பிள் பக்கம் ஒப்புக்கொண்டதும் 40, எல்லாச் சாவியும் (கணக்குகளும் கடவுச்சொற்களும்) கைக்கு வந்த பிறகு மீதி 30. கடைசி 30-ஐ எக்காரணம் கொண்டும் முன்னால் கொடுக்காதீர்கள்.

ஆறாம் படி: பிஓ, அதாவது ஒப்பந்தம்

காசு கொடுத்துவிட்டால் எல்லாம் நம்முடையது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 அப்படிச் சொல்லவில்லை. சம்பளத்துக்கு வேலை செய்கிற ஊழியர் எழுதியது முதலாளிக்குச் சொந்தம். வெளியாள் ஒருவரிடம் வேலை கொடுத்து வாங்கினால், அவர் எழுதிய நிரலுக்கும் வாசகத்துக்கும் முதல் உரிமையாளர் பொதுவாக அவரே. நமக்கு வர வேண்டும் என்றால் எழுத்தில், அவர் கையெழுத்தோடு உரிமையை மாற்றித் தர வேண்டும்.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த எழுத்தில் காலம் எவ்வளவு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இது 19-ஆம் பிரிவு. நம் பையரோ ஜெர்மனியில் இருக்கிறார்! ஆகவே ‘பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும்’ என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் இருந்தே ஆக வேண்டும். வேர்ட்பிரஸ்ஸையோ விலைக்கு வாங்கிய தீம்களையோ அவரால் எழுதித் தர முடியாது, அவை அவருடையவை அல்ல. உங்களுக்கென்று செய்த வடிவம், வாசகம், லோகோ, படங்கள், கூடுதலாக எழுதிய நிரல், இவற்றுக்குத்தான் எழுதி வாங்க வேண்டும்.

இதற்கு வக்கீல் வைத்து முப்பது பக்கம் எழுத வேண்டியதில்லை. என்ன வேலை, எத்தனை முறை திருத்தம், எந்தத் தேதி, பணம் எப்போது, உரிமை யாருக்கு, பாதியில் பிரிந்தால் என்ன, இவ்வளவும் இரண்டு பக்கத்தில் அடங்கும். தேதி என்று எழுதும்போது உங்கள் பக்கத் தேதிகளையும் எழுதுங்கள். ‘வாசகமும் படமும் இந்த நாளுக்குள் தருவோம்’ என்று. தளம் தாமதமாவதற்குப் பாதி நேரம் காரணம் நாம்தான். ‘எங்களைப் பற்றி’ பக்கத்துக்கு நாலு பத்தி எழுதித் தர நான் எடுத்துக்கொண்டது ஏழு வாரம்.

ஏழாம் படி: சாம்பிள்

முழுத் தளத்தையும் செய்து காட்டும்வரை காத்திருக்காதீர்கள். முகப்பு, ஒரு பொருள் பக்கம், இரண்டை மட்டும் முதலில் செய்யச் சொல்லுங்கள். அச்சுத் துணிக்கு ஸ்ட்ரைக் ஆஃப் (மாதிரி அச்சு) பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதானே மீட்டர் கணக்கில் ஓடவிடுகிறோம்?

தமிழில் தளம் வைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிரஸ்ஸில் நோட்டீஸ் அடிக்கும் பழக்கத்தில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அப்படியே கொடுத்துவிடுவோம். சில டிசைனர்கள் அதைப் படமாக மாற்றி ஒட்டிவிடுவார்கள். பார்க்கத் தமிழாக இருக்கும். கூகுளுக்கு அது வெறும் படம். சோதிப்பது சுலபம். பக்கத்தில் ஒரு வரியை விரலால் அழுத்திப் பிடித்து, காப்பி செய்து, வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் அது யூனிகோட் (எல்லாக் கருவிக்கும் புரியும் எழுத்து முறை), சரி. வரியைப் பிடிக்கவே முடியாவிட்டாலோ, ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கலவை வந்தாலோ திருப்பி அனுப்புங்கள்.

அப்புறம் ‘கொ’, ‘கௌ’, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ உள்ள சொற்களைப் போடச் சொல்லி, ஆப்பிள் போன் ஒன்றிலும் ஆண்ட்ராய்டிலும் பாருங்கள். கொம்பும் காலும் பிரிந்து நிற்கக் கூடாது. ஆங்கிலத் தலைப்புக்கு எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைக்கும் அலங்காரத்தைத் தமிழிலும் போட்டால் சொல் சிதறித் தெரியும். நம் சொற்கள் நீளம் என்பதால் ஆங்கிலத்தில் ஒரே வரியில் நின்ற மெனு தமிழில் மூன்று வரிக்கு இறங்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை என்று நல்ல எழுத்துருக்கள் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகவே இருக்கின்றன. இதையெல்லாம் கேட்டதும் ‘என்னங்க இவ்வளவு’ என்று முகம் சுளிக்கிறவர் தமிழ்த் தளம் செய்து பழகாதவர்.

எட்டாம் படி: நேரடியாக விற்கப் போகிறவர்களுக்கு மட்டும்

ரேஸர்பே, கேஷ்ஃப்ரீ, பேயூ போன்ற கட்டண வாயில் (இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவை) கணக்கை உங்கள் பெயரில், உங்கள் வங்கிக் கணக்குக்கு நீங்களே திறக்க வேண்டும். ‘இப்போதைக்கு எங்கள் கணக்கில் வரட்டும், மாதாமாதம் அனுப்பிவிடுகிறோம்’ என்பதற்கு ஒப்புக்கொள்ளவே கூடாது. கணக்குத் திறக்கும்போது பணம் திருப்பித் தரும் விதி, தனியுரிமை விதி, தொடர்பு முகவரி உள்ள பக்கங்களைக் கேட்பார்கள்; அவற்றை வேறு கடையிலிருந்து நகல் எடுத்து ஒட்டினால் அந்தக் கடையின் பெயரே உள்ளே நிற்கும். நானே பார்த்திருக்கிறேன்.

2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி கடையின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, குறை கேட்கும் அதிகாரியின் பெயர், தொடர்பு எல்லாம் தளத்தில் தெரிய வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சின்னக் கடையில் அந்த அதிகாரி உங்கள் தம்பியாகக்கூட இருக்கலாம். பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்பதாம் படி: இன்ஸ்பெக்‌ஷன்

கடைசிப் பணம் கொடுக்கும் முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். தொடர்புப் படிவத்தை நீங்களே நிரப்பி அனுப்பிப் பாருங்கள், மெயில் வருகிறதா, ஸ்பேமுக்குப் போகிறதா என்று. மாதக்கணக்கில் படிவம் எங்கோ போய்க்கொண்டிருந்தும் தெரியாமல், ‘வெப்சைட்ல ஒரு என்கொயரிகூட வரலை’ என்று புலம்பியவர்கள் உண்டு. உங்கள் மெயிலிலிருந்து ஜிமெயில் ஒன்றுக்கு அனுப்பிப் பாருங்கள். நம் மெயில் போலி இல்லை என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் என்ற இரண்டு அமைப்புகளைச் செய்தாயிற்றா என்று டிசைனரிடம் கேட்டால் போதும், அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். போன் நம்பரைத் தொட்டால் டயல் ஆகிறதா? வரைபடம் நம் யூனிட்டைக் காட்டுகிறதா, பின்வீட்டையா? சான்றிதழை நீங்களே ஒருமுறை மாற்றிப் பாருங்கள், அவர் பக்கத்தில் இல்லாதபோது.

பிறகு சாவிகள். டொமைன் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. ஹோஸ்டிங் கணக்கு, வேர்ட்பிரஸ்ஸின் நிர்வாகி உள்நுழைவு, கூகுள் சர்ச் கன்சோல், அனலிட்டிக்ஸ் (தேடலில் தளம் எப்படித் தெரிகிறது, யார் வருகிறார்கள் என்று காட்டும் கருவிகள்), பிசினஸ் புரொஃபைல், எல்லாவற்றிலும் உரிமையாளர் நீங்கள், அவர் அழைக்கப்பட்ட விருந்தாளி என்று இருக்க வேண்டும். முழுத் தளத்தின் ஒரு நகலைப் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். லோகோவின் மூலக் கோப்பையும் கேளுங்கள், பின்னால் பேனர் அடிக்கும்போது தேவைப்படும்.

அதற்குப் பிறகு

தளமும் தறி மாதிரிதான், எண்ணெய் போட வேண்டும். வேர்ட்பிரஸ்ஸும் பிளக்இன்களும் அடிக்கடி புதுப்பிப்பு கேட்கும். அதைச் செய்யாமல் விட்ட தளங்களில்தான் திருடர்கள் முதலில் கை வைக்கிறார்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தில் ‘சப்போர்ட்’ என்று ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால் போதாது. மாதம் எத்தனை முறை புதுப்பிப்பு, நகல் எங்கே வைக்கப்படும், தளம் விழுந்தால் எத்தனை மணி நேரத்தில் எடுத்து நிறுத்துவார், மாதம் எத்தனை சின்ன மாற்றங்கள் இதற்குள் அடங்கும் என்று எழுதி வாங்குங்கள். ஹோஸ்டிங்கிலேயே நகலும் இருந்தால் அது நகல் அல்ல. வீடு எரிந்தால் பீரோவும் சேர்ந்துதான் எரியும்.

சாவி எல்லாவற்றையும் எழுதிய ஒரு தாளை ஒட்டிய கவரில் போட்டு, யூனிட் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன். எங்கே இருக்கிறது என்று என் மகளுக்கும் அக்கவுண்டன்ட்டுக்கும் தெரியும். டொமைன் முடியும் தேதி, ஆபீஸ் காலண்டரில் டிசம்பர் மாதத் தாளில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் காலண்டர் மாற்றும்போது முதல் வேலை அந்த வரியைப் புதுக் காலண்டரில் எழுதுவதுதான். அக்கவுண்டன்ட் அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் ஃபிராங்க்ஃபர்ட் டிக்கெட்டையே போடுவார்.